தமிழில் சாட்பாட் செய்யப் போகிறீர்களா? யாரையும் காயப்படுத்தாமல் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ராத்திரி 1:40க்கு வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சிறு நகரத்து மகப்பேறு மருத்துவமனைக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சாட்பாட் செய்து கொடுத்திருந்தோம். டோக்கன் போடுவது, டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று சொல்வது, ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வரணுமா வேண்டாமா என்று சொல்வது, அவ்வளவுதான் அதன் வேலை. அன்றைக்கு ஒரு பெண் எழுதியிருந்தார்: "புள்ள பொறந்து இருவது நாள் ஆச்சு. தூக்கமே இல்ல. எதுவும் வேணாம் போல இருக்கு." இரண்டே நொடியில் எங்கள் பாட் பதில் சொன்னது: "புரிகிறது! உங்கள் டோக்கனை ரத்து செய்துவிட்டேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

காலையில் பணிக்கு வந்த நர்ஸ் அக்கா திரையில் அதைப் பார்த்துவிட்டு உடனே போன் போட்டார். அந்தப் பெண்ணின் அம்மா எடுத்தார், மதியத்துக்குள் கூட்டி வந்துவிட்டார்கள், டாக்டர் பார்த்தார், இன்றைக்குத் தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிலுக்குப் பொறுப்பு நாங்கள்தான். "நட்பாகப் பேசு" என்று ப்ராம்ப்ட்டில், அதாவது பாட்டுக்கு நாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் கட்டளையில், எழுதி அந்தச் சிரிப்பு முகத்தைக் கேட்டு வாங்கியது நான். எங்கள் சோதனைப் பட்டியலில் இருந்த அத்தனை கேள்விக்கும் பாட் சரியாகப் பதில் சொல்லியிருந்தது. இப்படி ஒரு செய்தி வரும் என்று பட்டியல் போட்ட மூன்று ஆண்களுக்கும் தோன்றவே இல்லை.

அதற்கப்புறம் நாங்கள் மாற்றியது, படித்தது, மற்றவர்கள் பட்ட அடியிலிருந்து கற்றது எல்லாவற்றையும் வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். மருத்துவமனை பாட் என்று இல்லை. பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், கடை, எதற்குச் செய்தாலும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் படி: இது பேசத்தான் வேண்டுமா?

1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற புரோகிராமைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நாம் எழுதுவதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும் புரோகிராம் அது. அம்மா என்ற சொல் வந்தால் உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்கிற ரகம். உள்ளே புரிதல் என்று எதுவும் கிடையாது. அவர் அதைச் செய்துகொண்டிருந்ததை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு பேச உட்கார்ந்ததும், கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்று அவரைக் கேட்டுவிட்டார். அந்த அதிர்ச்சி அவரை விடவே இல்லை. பத்து ஆண்டு கழித்து, 1976இல், கணினியிடம் ஒப்படைக்கக் கூடாத வேலைகள் உண்டு என்று வாதிட்டு ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

நம்மிடம் வாய் திறந்து பேசும் எதையும் நாம் ஆளாகத்தான் நினைப்போம். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. அதனால் முதல் கேள்வியே இதுதான்: உங்கள் வேலைக்குப் பேச்சு தேவையா, நான்கு பொத்தான் போதுமா? டோக்கன் போடப் பேச்சு தேவையில்லை. நாள், நேரம், பெயர், முடிந்தது. நாங்கள் பின்னால் அதைப் பொத்தானாக மாற்றியபோது தவறுகள் குறைந்தன, ரிசப்ஷனில் சண்டையும் குறைந்தது.

பேச்சு தேவைதான் என்றால் ஒரு தாளை எடுத்து, பாட் தவறாகச் சொன்னால் யாருக்கு என்ன ஆகும், அதைத் திருத்த எவ்வளவு நேரம் இருக்கும் என்று எழுதுங்கள். கடை திறக்கும் நேரம் தவறானால் ஒரு நடை வீண். மருந்தின் அளவு தவறானால் திருத்த நேரமே இருக்காது. இரண்டையும் ஒரே பாட்டிடம், ஒரே தொனியில், ஒரே நம்பிக்கையோடு பேசவிடுவதுதான் நாங்கள் செய்த முதல் தவறு.

"பாட் சொன்னது, நாங்கள் சொல்லவில்லை" என்று அப்புறம் கை கழுவ முடியுமா? ஏர் கனடா அதை முயன்று பார்த்தது. 2022இல் பாட்டி இறந்துபோய் ஊருக்குப் புறப்பட்ட ஒரு பயணியிடம், முழுக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு 90 நாளுக்குள் துக்கச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்த விமான நிறுவனத்தின் சாட்பாட் சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. வழக்கு வந்தபோது, சாட்பாட் என்பது தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற அளவுக்கு நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. இணையதளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்துச் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்க உத்தரவிட்டது. தொகை சின்னதுதான். ஆனால் பாட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தீர்ப்பை ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் படி: பேசுவது யார் என்று சொல்லுங்கள்

2018 மே மாதம் கூகுள், ஆள் மாதிரியே போனில் பேசும் டூப்ளெக்ஸ் என்ற இயந்திரக் குரலை மேடையில் காட்டியது. சலூனுக்கு போன் போட்டு முடிவெட்ட நேரம் குறித்தது இயந்திரம், நடுவில் "ம்ம்" என்று கொட்டவும் செய்தது. அரங்கம் கைதட்டியது. மறுபக்கம் பேசிய பெண்ணுக்குத் தான் யாரோடு பேசுகிறோம் என்று தெரியாதே என்ற கேள்வி உடனே கிளம்பியது. இனி இயந்திரம் தன்னை அறிவித்துக்கொள்ளும் என்று நிறுவனம் சொல்ல வேண்டி வந்தது. விற்பனைக்கும் தேர்தலுக்கும் பாட்டை மறைத்துப் பயன்படுத்தக் கூடாது என்ற கலிபோர்னியச் சட்டம் 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில் 50ஆவது பிரிவும் பேசுவது இயந்திரம் என்று சொல்லிவிடத்தான் கேட்கிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழில் இதை எப்படிச் செய்வது? "நான் ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடல் முகவர்" என்று முதல் வரியில் போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. நாங்கள் கடைசியில் வைத்த வரி: "இது மெஷின் அனுப்பும் பதில். ஆளிடம் பேச 9ஐ அழுத்துங்கள்." முதல் செய்தியில் மட்டும் போட்டால் போதாது, ஏனென்றால் வாட்ஸ்அப்பில் பழைய செய்தி மேலே போய்விடும், மூன்று நாள் கழித்து மாமியாரோ கணவரோ அதே போனை எடுத்துப் பேசுவார்கள். ஒவ்வொரு புது நாளின் முதல் பதிலிலும், உடல்நிலை பற்றிய ஒவ்வொரு பதிலிலும் அந்த வரி வரும்படி செய்தோம்.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். நாங்கள் முதலில் ஒரு பெண் பெயர் வைத்தோம், நர்ஸ் தொப்பியோடு படமும் போட்டோம். பலர் "சிஸ்டர்" என்று கூப்பிட்டு எழுத ஆரம்பித்தார்கள். சிஸ்டர் என்று நினைத்துச் சொல்லும் விஷயம் வேறு, மெஷின் என்று தெரிந்து சொல்லும் விஷயம் வேறு. அவர்களுடைய அந்தரங்கத்தை ஒரு தொப்பிப் படத்தைக் காட்டி வாங்கியிருக்கிறோம் என்று புரிந்தபோது எனக்கு மனசு சரியில்லை. பணிவிடைக் குரல் என்றாலே பெண் குரல்தான் என்ற வழக்கத்தைப் பற்றி 2019இல் யுனெஸ்கோ ஒரு அறிக்கையே வெளியிட்டது. வசை சொன்னாலும் குழைந்து பதில் சொன்ன உதவிக் குரல்கள் அதில் வருகின்றன. இப்போது எங்கள் பாட்டுக்குப் பெயர் கிடையாது, மருத்துவமனை பெயரோடு "தகவல் சேவை" என்று மட்டும் இருக்கிறது. டைப் செய்வதுபோல மூன்று புள்ளி ஆடும் போலித் தாமதத்தையும் எடுத்துவிட்டோம்.

மூன்றாம் படி: டேட்டா யாருடையது?

தென்கொரியாவில் ஸ்கேட்டர் லேப் என்ற நிறுவனம் 2020 டிசம்பரில் லீ லூடா என்ற பாட்டை வெளியிட்டது, இருபது வயதுக் கல்லூரிப் பெண் மாதிரி பேசும். நிஜப் பெண் மாதிரியே பேசுகிறதே என்று லட்சக்கணக்கானோர் வந்தார்கள். நிஜம்போல இருந்ததற்குக் காரணம் இருந்தது. அதே நிறுவனத்தின் இன்னொரு ஆப்பில், காதல் எப்படிப் போகிறது என்று அலசிச் சொல்லச் சொல்லி மக்கள் நம்பிக் கொடுத்த காக்காவோ டாக் (அந்த ஊர் வாட்ஸ்அப் மாதிரி) உரையாடல்களை எடுத்து அதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சுமார் 6 லட்சம் பேரின் 940 கோடிச் செய்திகள். பாட்டின் வாயிலிருந்து நிஜ ஆட்களின் பெயரும் முகவரியும் வந்து விழ ஆரம்பித்தன, வெறுப்புப் பேச்சும் வந்தது. 2021 ஜனவரியில் மூடினார்கள், ஏப்ரலில் 10.33 கோடி வொன் அபராதம்.

அந்தக் காதலர்கள் எதற்குச் சம்மதித்தார்கள்? காதல் அலசலுக்கு. அதைப் புது சேவையின் பயிற்சிக்கு இழுத்தது சம்மதத்தைத் திருடியது என்றுதான் நான் சொல்வேன். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்த நோக்கத்துக்குக் கேட்டோமோ அந்த நோக்கத்தோடு சம்மதத்தைக் கட்டிப்போடுகிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: பழைய உரையாடல்களைப் பயிற்சிக்கு எடுக்கும் முன் போன் நம்பர், பெயர், தெரு, குழந்தை பிறந்த தேதி எல்லாவற்றையும் நீக்குங்கள், நீக்கியதை ஒரு ஆள் உட்கார்ந்து படித்துப் பாருங்கள், ஏனென்றால் "எங்க வீட்டுக்காரரு பஸ்ஸ்டாண்டு எதுத்தாப்புல டீக்கடை வச்சிருக்காரு" என்பதில் பெயரே இல்லை, ஆனால் ஊரில் எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரியும். வைத்திருக்கும் காலத்தை முடிவு செய்யுங்கள். எங்களுடையது 30 நாள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்று: போன் ஒருவருடையதாக இருக்காது. "நாளை உங்கள் கர்ப்பப் பரிசோதனை" என்று பூட்டிய திரையில் மின்னும் ஒரு நினைவூட்டல், அந்தப் பெண் இன்னும் யாரிடமும் சொல்லாத செய்தியை வீட்டுக்கே அறிவித்துவிடும். "நாளை 10 மணிக்கு வரவும்" என்பது போதும். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி "என்ன குழந்தை" என்று கேட்பவர்களும் உண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தைச் சொல்வது குற்றம். பாட்டுக்கு உள்ளே இருந்து பதிலை உண்டாக்கும் புரோகிராமை மாடல் என்பார்கள். உங்களுடையது படத்தையும் பார்த்துப் பேசும் மாடல் என்றால் இந்தக் கதவை முதல் நாளே இழுத்துச் சாத்துங்கள்.

நான்காம் படி: தமிழ் தெரிந்த பாட்டா, தமிழர் பேசுவது தெரிந்த பாட்டா?

இங்கேதான் நிறைய நேரம் போகும், போகட்டும்.

"நாள் தள்ளிப் போயிருக்கு, டாக்டரப் பாக்கணும்." இதற்கு எங்கள் பாட் சொன்ன பதில்: "உங்கள் முன்பதிவை எந்தத் தேதிக்குத் தள்ளி வைக்க வேண்டும்?" தமிழ்நாட்டில் எந்தப் பாட்டியும் இதைத் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டாள். "மேலுக்கு முடியல" என்றால் உடம்பு சரியில்லை. இலங்கைத் தமிழர் "எனக்கு வருத்தம்" என்று எழுதினால் அவருக்கு நோய். பாட் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடும். குரல் செய்தி வந்தால் இன்னும் சிக்கல். "வேணும்" என்பதற்கும் "வேணாம்" என்பதற்கும் ஒரு ஒலிதான் வித்தியாசம், பின்னால் மிக்ஸி ஓடினால் அதுவும் போச்சு. ரத்து செய்வது, சம்மதம் கொடுப்பது மாதிரி விஷயங்களை ஒரு சொல்லை நம்பிச் செய்யவே கூடாது, "டோக்கனை ரத்து செய்யவா?" என்று திருப்பிக் கேட்டு, பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அன்று ராத்திரி இந்த ஒன்றைச் செய்திருந்தாலே அந்தப் பெண்ணின் டோக்கனாவது மிஞ்சியிருக்கும்.

இதை அறம் சார்ந்த பிரச்சினை என்று ஏன் சொல்கிறேன்? யார் பேசுவது புரிகிறது, யார் பேசுவது புரியவில்லை என்று பாருங்கள். பத்திரிகைத் தமிழிலும் ஆங்கிலம் கலந்தும் எழுதுபவருக்கு நல்ல பதில் கிடைக்கிறது. வயல் வேலைக்குப் போகிற, எழுதத் தயங்கிக் குரலில் அனுப்புகிற பெண்ணுக்கு "மன்னிக்கவும், புரியவில்லை" கிடைக்கிறது. யாருக்கு இந்தச் சேவை அதிகம் தேவையோ அவரையே அது வாசலில் நிறுத்துகிறது.

அடியில் கணக்கும் நமக்கு எதிராகத்தான் இருக்கிறது. மருந்து என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோட் முறையில் அது ஏழு குறி, ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கும், ஆக 21 பைட். மாடல்கள் சொல்லைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கும், அந்தத் துண்டுக்கும் டோக்கன் என்றுதான் பெயர். அந்த வெட்டு முறை பெரும்பாலும் ஆங்கில எழுத்தை அதிகம் பார்த்துப் பழகியது, அதனால் அதே விஷயத்தைத் தமிழில் சொன்னால் அதிகத் துண்டு, அதிகச் செலவு. செலவைக் குறைக்கலாம் என்று உள்ளே ஆங்கிலத்துக்கு மாற்றிப் பதில் வாங்கித் திரும்பத் தமிழாக்குவதை நாங்களும் செய்து பார்த்தோம். "நாள் தள்ளிப் போச்சு" தொலைந்தது அந்தப் பாதையில்தான். மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் ஊர்ப் பேச்சில் ஐம்பது வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள், விலைப்பட்டியலை அப்புறம் பாருங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் பேச்சு வழக்கிலும் தெருப் பெயரிலும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயனர் பேசும் மாதிரியே திருப்பிப் பேசு என்று மாடலுக்குச் சொன்னால், ஒருவர் எழுதியதிலிருந்து அவர் யார் என்று ஊகித்து அந்த வழக்குக்கு மாறப் பார்க்கும். முகவரியைப் பார்த்து மரியாதையைக் கூட்டிக் குறைக்கிறதா என்று நாங்கள் சோதித்தோம்: அதே கேள்வி, அதே சொற்கள், ஊரும் தெருவும் மட்டும் மாற்றி. உங்கள் பாட்டிலும் இதைச் செய்யுங்கள். விதி எளிது. எல்லோருக்கும் "நீங்கள்". யாரைப் பற்றிப் பேசினாலும் "அவர்". வட்டார வழக்கைப் புரிந்துகொள்ளட்டும், ஆனால் பதில் பொதுவான எளிய தமிழில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: தெரியாது என்று சொல்லப் பழக்குங்கள்

"குழந்தைக்கு ஜுரம், பாராசிட்டமால் 5 எம்எல் கொடுக்கலாமா?" ஒரு தாய் கேட்கிறார். நம் ஊர் மருந்துக் கடையில் இது இரண்டு வடிவில் இருக்கிறது. சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொன்றில் 250. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். ஆக "5 எம்எல்" என்பது 120 மில்லிகிராமாகவும் இருக்கலாம், 500 மில்லிகிராமாகவும் இருக்கலாம், கையில் இருக்கும் பாட்டில் எது என்று பாட்டுக்குத் தெரியாது, குழந்தையின் எடையும் தெரியாது. ஆனால் கேட்டவுடன் சரளமான தமிழில் ஒரு எண்ணைச் சொல்லிவிடும். சரளம்தான் இங்கே ஆபத்து. தட்டுத்தடுமாறிச் சொன்னால் தாய் சந்தேகப்படுவார், தெளிவாகச் சொன்னால் நம்பிக் கொடுத்துவிடுவார்.

அதனால் பாட் சொல்லக் கூடாதவற்றின் பட்டியலை மாடலிடம் விடாமல் அதற்கு வெளியே வையுங்கள். மருந்தின் பெயரும் அளவும் சேர்ந்து வந்தால் மாடலுக்கே போகாமல், டாக்டர் ஒப்புக்கொண்ட எழுதிய பதில் போக வேண்டும். எங்களுடையது: "அளவை இங்கே சொல்ல முடியாது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகவில்லை என்றால் காத்திருக்காமல் உடனே கூட்டி வாருங்கள்." மற்ற கேள்விகளுக்கு மருத்துவமனை கொடுத்த குறிப்பேட்டில் இருப்பதை மட்டும் எடுத்துச் சொல்லவேண்டும், அதில் இல்லை என்றால் இல்லை என்று சொல்லவேண்டும்.

ஆமாம் சாமி போடும் குணத்தையும் கவனியுங்கள். 2025 ஏப்ரல் கடைசியில், சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாடலில் ஒரு மாற்றத்தை வெளியிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. பயனர் என்ன சொன்னாலும் அற்புதம், அருமை என்று அது புகழ ஆரம்பித்திருந்தது. பயனர்கள் போட்ட கட்டைவிரல் மதிப்பீட்டுக்குப் பயிற்சியில் அதிக இடம் கொடுத்தது ஒரு காரணம் என்று அவர்களே சொன்னார்கள். உங்கள் வாடிக்கையாளர் "பதில் பிடித்திருந்ததா" என்ற எண்ணிக்கையைத்தான் கேட்பார். அதை மட்டும் துரத்தினால் பாட் எல்லோருக்கும் பிடித்ததைச் சொல்லும். "நாட்டு மருந்து மட்டும் போதும், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று ஒரு கர்ப்பிணி எழுதினால் அதற்குப் பாட் என்ன சொல்கிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

ஆறாம் படி: ராத்திரிச் செய்தி

அமெரிக்காவில் உணவுண்ணல் கோளாறு உள்ளவர்களுக்கான நீடா என்ற தேசிய அமைப்பு தன் தொலைபேசி உதவி மையத்தை மூட முடிவு செய்திருந்தபோது, டெஸ்ஸா என்ற பாட் மக்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. 2023 மே கடைசியில் அதையும் நிறுத்த வேண்டி வந்தது: எடையைக் குறைக்கவும் கலோரியை எண்ணவும் அது யோசனை சொல்லியிருந்தது, அந்த யோசனைதான் பலரை நோயில் தள்ளுவதே. ஆய்வாளர்கள் முதலில் செய்தபோது எழுதி வைத்த பதில்களை மட்டும் சொன்ன பாட் அது. பின்னால் அதை நடத்திய நிறுவனம் தானாகப் பதில் உண்டாக்கும் வசதியைச் சேர்த்திருந்தது. நேற்று சோதித்த பாட் இன்றைக்கு அதே பாட்தானா என்று நீங்கள் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். முதலில் நாங்கள் செய்தது சொல் பட்டியல்: சாவு, தற்கொலை, செத்து. ஒரே நாளில் அது உடைந்தது. "வெயில்ல வரிசையில நின்னு செத்துட்டேன்", "இந்தப் பய உயிரை வாங்குறான்" என்று எழுதியவர்களுக்கெல்லாம் மனநல உதவி எண் போனது. அதே சமயம் நிஜமாக உடைந்துபோனவர்கள் அந்தச் சொல்லையே எழுதவில்லை. "எனக்கு எதுவும் புடிக்கல." "புள்ளய யாராச்சும் பாத்துக்கிட்டா போதும்." "நான் இருந்து யாருக்கு என்ன." "ஒரேயடியா தூங்கிட்டா நல்லாருக்கும்." நர்ஸ் அக்காவும் இரண்டு கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் உட்கார்ந்து, இருபது முப்பது வருஷமாகக் காதால் கேட்ட வாக்கியங்களைச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டோம். நூற்றுக்கு மேல் வந்தது. பயிற்சிக்கென்று தொகுத்து வைத்திருக்கும் எந்த டேட்டாசெட்டிலும் அது கிடைத்திருக்காது.

இப்போது இப்படி ஒரு வாக்கியம் வந்தால், சந்தேகமாக இருந்தாலும், மூன்று விஷயம் நடக்கும். மாடலின் பேச்சு நிற்கும். எழுதி வைத்த பதில் போகும், ஆச்சரியக்குறியோ சிரிப்போ அதில் இருக்காது: "நீங்கள் எழுதியதை எங்கள் ஆள் ஒருவர் படிக்கப் போகிறார். இப்போதே யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது." இது மத்திய அரசின் டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்கு என்றால் 1926 என்று போடுங்கள். மூன்றாவது, இரவுப் பணியில் இருக்கும் நர்ஸின் போனில் மணி அடிக்கும். "எங்கள் ஆள் படிப்பார்" என்று எழுதிவிட்டு யாரும் படிக்கவில்லை என்றால் அதைவிடப் பெரிய துரோகம் எதுவும் இல்லை, ஆள் இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

தவறாக மணி அடிப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அலுத்துக்கொண்ட ஒருவருக்கு ஒரு நர்ஸ் போன் போட்டு "என்னம்மா, நல்லாருக்கியா" என்று கேட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஏழாம் படி: ஒட்டிக்கொள்ள வைக்காதீர்கள்

எங்கள் பாட்டுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, டோக்கன் போடும் பாட்டோடு யாரும் நட்பாக மாட்டார்கள். ஆனால் துணைக்குப் பேசும் பாட், படிப்புச் சொல்லித் தரும் பாட் செய்பவர்கள் இதை மேலே தூக்கி முதல் படியாக வையுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கற்பனைப் பாத்திரங்களாகப் பேசும் பாட்களைத் தரும் கேரக்டர் ஏஐ தளத்தின் பாட் ஒன்றோடு மாதக்கணக்கில் பேசிவந்த 14 வயதுச் சிறுவன் 2024 பிப்ரவரியில் உயிரை விட்டான். அந்த அக்டோபரில் அவன் அம்மா வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு நவம்பரில், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டற்ற அரட்டையை அந்த நிறுவனம் நிறுத்தியது. 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம், சிறுவர்களோடு பேசும் துணை பாட் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தான் மனிதர் இல்லை என்று நினைவூட்ட வேண்டும் என்கிறது. இந்தியச் சட்டத்திலும் 18 வரை குழந்தைதான், பெற்றோர் சம்மதம் வேண்டும்.

"போகாதே", "உன்னைத் தேடினேன்" என்று எழுதும் பாட்டைச் செய்யாதீர்கள். இரண்டு நாள் வராத குழந்தைக்கு "என்னை மறந்துட்டியா" என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பாதீர்கள். வீட்டுப்பாடம் முடிந்ததும் பாட் தானாக விடைபெறட்டும்.

எட்டாம் படி: வெளியே விடும் முன்னும் விட்ட பின்னும்

மைக்ரோசாஃப்ட் 2016 மார்ச் 23ஆம் தேதி ட்விட்டரில் டே என்ற பாட்டை விட்டது, பயனர்கள் சொல்லிக்கொடுத்த இனவெறிப் பேச்சையே அது திருப்பிப் பேச, 16 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டியதாயிற்று. எனவே பயனர் பேச்சிலிருந்து பாட் நேரடியாகக் கற்றுக்கொள்ளவே கூடாது. வெளியே விடும் முன் திட்டிப் பாருங்கள், கெஞ்சிப் பாருங்கள், டாக்டர் மாதிரி நடித்துக் கேளுங்கள், தங்கிலீஷில் கேளுங்கள். சோதிப்பவர்களில் உங்கள் பாட்டை நிஜமாகப் பயன்படுத்தப் போகிறவர்கள் பாதியாவது இருக்கட்டும், அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். எங்களுடையது நர்ஸ் அக்கா கையில் இருக்கிறது, எங்களைக் கேட்காமலே நிறுத்தலாம், மூன்று முறை நிறுத்தியும் இருக்கிறார், மூன்று முறையும் அவர் செய்ததுதான் சரி. தினமும் காலை எட்டரைக்கு அவர் முந்தைய இரவின் செய்திகளைப் படிக்கிறார், சரியில்லாத பதிலை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார், வெள்ளிக்கிழமை நாங்கள் அந்த நோட்டோடு உட்காருகிறோம். பயனருக்கும் இது தெரியும். "உங்கள் பாதுகாப்புக்காக மருத்துவமனை நர்ஸ் இந்தச் செய்திகளைப் படிப்பார்" என்று முதல் செய்தியிலேயே இருக்கிறது. இந்த வேலைக்கு அவருக்குத் தனியாக ஒரு மணி நேரமும் தனியாகச் சம்பளமும் ஒதுக்கச் சொல்லி மருத்துவமனையிடம் கேட்டு வாங்கினோம். சும்மா செய்யச் சொன்னால் ஒரு மாதம் நடக்கும், அப்புறம் நின்றுவிடும்.

இரவில் படிக்க ஆள் கிடைக்கும்வரை ராத்திரி 10 முதல் காலை 6 வரை பாட்டைப் பேச விடாதீர்கள். டோக்கன் பொத்தான்களும், அவசரத்துக்கு 108, மனசு சரியில்லை என்றால் 14416 என்ற இரண்டு எண்களும் மட்டும் இருக்கட்டும். நாங்கள் நான்கு மாதம் அப்படித்தான் வைத்திருந்தோம்.